பன்னிரண்டு கட்டத்திலும் டாக்டர்

படிவம் ஆறின் எஸ்.டி.பி.எம். முடிவு வந்த வாரத்தில், டாக்டர் ஆகப் போகாத பிள்ளை ஒன்றைச் சுங்கை சிப்புட்டில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். முந்திய வாரம் வரை "பாஸானா போதும் சாமி" என்று கோவிலைச் சுற்றி வந்தவர்கள்கூட, நாலுக்கு மூன்றரைக்கு மேல் ஏதோ ஓர் எண் கண்ணில் பட்டதும், வாசலில் மாட்டப்போகும் பெயர்ப்பலகையைப் பித்தளையில் செய்வதா, பளிங்கில் செய்வதா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் இந்த ஊரில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். தாளுக்கு இருபது காசு. நாட்டுக்கு ஒரு டாக்டரை உருவாக்குவதில் என் பங்கு அவ்வளவுதான். ஆனாலும் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழையும் இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சில கருத்துகள் உண்டு. அவற்றை யாரும் கேட்பதில்லை. ஆனால் நகல் முடியும்வரை அவர்களால் கடையை விட்டுப் போகவும் முடியாது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாநிலமான பேராக்கில் தலைமையகம் வைத்திருக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகம் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஒன்றுதான். அது ஆசிரியர்களை உருவாக்கப் பிறந்தது. தனியாரிடம் போனால் மருத்துவம் ஈப்போவிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டணத்தைக் கேட்டால் முதலில் அப்பாவுக்கு மருத்துவம் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே அரசாங்கத்தில் மருத்துவமோ சட்டமோ படிக்க வேண்டும் என்றால், எங்கள் ஊர்ப் பிள்ளை மாநில எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதற்கு யு.பி.யு. என்ற பொது வாசல். இருபது அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் அங்கே விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டு படிப்புகள் வரை விருப்ப வரிசையில் போடலாம்.

பன்னிரண்டு! எங்கள் தாத்தாக்களுக்கு வாழ்நாளில் இரண்டே தேர்வுகள்தான் இருந்தன: பால் வெட்டுவது, அல்லது புல் வெட்டுவது. பேரப்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பன்னிரண்டையும் நாங்கள் எப்படி நிரப்புகிறோம் தெரியுமா? மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். புத்ரா பல்கலைக்கழகத்தில் மருத்துவம். பிறகு அது இருக்கும் இடங்களில் எல்லாம் பல் மருத்துவம். பிறகு அதே மாதிரி மருந்தியல். கட்டம் தீர்ந்துவிடும். "தம்பிக்கு ஒருவேளை ரத்தம் பார்த்தா மயக்கம் வருமே, கணக்கியல் ஒண்ணு போட்டு வைக்கலாமே" என்று ஒரு டயர் கடை அண்ணனிடம் சொன்னேன். "வாயில நல்லதா வராதா உனக்கு?" என்று இருபது காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மெரிட் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2002இலிருந்து அரசாங்கம் திறமை அடிப்படை என்று அறிவித்து நடத்தும் கணக்கு. நூற்றுக்குத் தொண்ணூறு படிப்புக்கு. பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. இந்தப் பத்தை எங்கள் ஊர் இன்னும் நம்பவில்லை. பிள்ளை பள்ளி விட்டதும் நேரே டியூஷனுக்குப் போக வேண்டும். பந்து உதைக்கப் போனால் அது கெட்டுப்போன பிள்ளை என்பது எங்கள் சித்தாந்தம். சரி, கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளை முழுசாக 4.00 வாங்குகிறது. அதற்குத் தொண்ணூறு. புறப்பாடத்தில் ஐந்து. மொத்தம் 95. பக்கத்து தாமான் பையன் 3.92. அது 88.2 ஆகிறது. ஆனால் அவன் செயிண்ட் ஜான் படையில் தலைவன், சதுரங்கத்தில் மாநிலம் வரை போனவன், புறப்பாடத்தில் 9.5. மொத்தம் 97.7. மருத்துவத்துக்குப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்கே அடிதடி நடக்கும்போது, இது 2.7 மதிப்பெண் வித்தியாசம். நாலு வாங்கிய பிள்ளையின் அம்மா, 3.92 பையனுக்கு யாரோ 'கேபல்' (சிபாரிசு) போட்டுவிட்டார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறார். கேபல் எல்லாம் இல்லை அக்கா, குதிரைதான். கறுப்புக் குதிரை, எஃப் மூன்றாம் கட்டத்துக்கு.

புறப்பாடத்தை நாங்கள் அடியோடு புறக்கணிக்கிறோம் என்றும் சொல்ல முடியாது. கடைசி நேரத்தில் ஒரு தடித்த ஃபைல் வரும். அதை நகலெடுக்கும்போது ஒரு வாழ்க்கை வரலாறே இயந்திரத்தில் ஓடும். தேவாரம் ஓதும் போட்டியில் ஆறுதல் பரிசு. ஈப்போ கல்லுமலைக் கோவில் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றியதற்கு நன்றிச் சான்றிதழ். வண்ணம் தீட்டும் போட்டியில் கலந்துகொண்டதற்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பாலர் பள்ளியில் 'சிறந்த பற்கள்' விருது. அந்தப் பற்கள் விழுந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சான்றிதழ் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் ஈறு கெடாமல் இருக்கிறது. "இது எதுக்குக்கா?" என்று கேட்டேன். "பல் டாக்டருக்கும் போட்டிருக்கோம்ல" என்றார்.

பள்ளிப் பதிவேட்டில் ஏறாத சான்றிதழ் ஃபைலின் கனத்தைக் கூட்டுமே ஒழிய மதிப்பெண்ணைக் கூட்டாது. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் வருகை, பதவி, எந்த அளவில் கலந்துகொண்டாய், என்ன ஜெயித்தாய் என்று பார்ப்பார்கள். பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம், அனைத்துலகம் என்று படி ஏற ஏற எண் ஏறும். இதைப் படிவம் ஆறில் கால் வைத்த முதல் வாரமே யோசித்தால் பதவி கிடைக்கும். கடைசி வாரம் யோசித்தால் மோர்ச் சான்றிதழ்தான். யாரும் நிற்காத கழகத்தில் தலைவராக நிற்பது ஒரு நல்ல வழி. எங்கள் சமூகத்தில் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று சங்கம் தொடங்கி மூன்றுக்கும் தலைவர் ஆகிவிடுவோம். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் இந்தக் கூச்சம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எல்லாப் பழியையும் பெற்றோர் மேலேயே போட்டுவிடவும் கூடாது. திறமை அடிப்படை என்று சொன்ன அதே வாசலுக்கு இரண்டு பாதைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று படிவம் ஆறு: ஒன்றரை வருஷம், மூன்று தவணை, எஸ்.டி.பி.எம். என்ற பேய்ப் பரீட்சை. இன்னொன்று மெட்ரிகுலேஷன்: பெரும்பாலோருக்கு ஒரே வருஷம். இரண்டிலும் வாங்கும் 4.00 ஒன்றேதான் என்கிறார்கள். அந்த இரண்டாம் பாதையில் தொண்ணூறு விழுக்காடு இடம் பூமிபுத்ராக்களுக்கு. மீதிப் பத்தில்தான் மற்ற எல்லோரும். 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்றார்கள். 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். விழுக்காடு மட்டும் அசையவில்லை. 2024இல் பிரதமர் அன்வார் இப்ராகிம், எஸ்.பி.எம்.மில் பத்து ஏ-வும் அதற்கு மேலும் வாங்கிய எல்லோருக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேஷனில் இடம் என்று அறிவித்தார். ஊரில் பட்டாசு வெடிக்காத குறைதான். அடுத்த வருஷமே 'ஏ மைனஸ்' என்பது 'ஏ' ஆகுமா ஆகாதா என்று நாடு முழுக்க வாதம். ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை அழிக்க என் இயந்திரத்தில் வசதி உண்டா என்று ஓர் அப்பா விசாரித்தார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று நம்புகிறேன்.

இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அநியாயத்தைத் திட்டி முடித்த பிறகும் பன்னிரண்டு கட்டங்கள் காலியாகவே இருக்கும். அவற்றை யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும். அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது: எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பைக் குறைப்பதில் பெரிய பங்கு வரைபடத்துக்கு உண்டு.

எங்கள் ஊர்த் தாய்மார்களின் வரைபடத்தில் மலேசியா வடக்கே பினாங்கில் தொடங்கி, கோலாலம்பூரில் முடிந்துவிடுகிறது. கோலாலம்பூர் சரி, சுங்கை சிப்புட்டில் ரயில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை பிள்ளை அழுக்குத் துணியோடு வரும், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்போடு போகும். பினாங்கும் சரி, பெரியம்மா இருக்கிறார். ஜொகூர் ஸ்கூடாய் என்றால் முகம் கொஞ்சம் சுருங்கும். கெடா சிந்தோக் என்றால் "காடாமே?" என்பார்கள், ஏதோ நாமெல்லாம் நகரத்தில் பிறந்தவர்கள் போல. திரெங்கானு, கிளந்தான் என்றால் பதிலே வராது. கோலா நெருஸில் உள்ள திரெங்கானு பல்கலைக்கழகத்தில் மீன் வளர்ப்புத் துறை நன்றாக இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "மீன் கழுவவா மூணு வருஷம் படிக்கணும்?" கிளந்தான் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் உண்டு என்றேன். கொஞ்சம் யோசித்தார். "பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமா?" போட்டுக்கொள்ளலாம் என்றேன். "மாடு யாருன்னு கேக்காதா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

கடலுக்கு அப்பால் சபா, சரவாக் பக்கம் போனால் கதையே வேறு. ஹீவூட் தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த ஓர் அக்கா ஒரு நாள் கடையில் நடத்திய விசாரணையை அப்படியே தருகிறேன்.

"அண்ணே, கோத்தா சமராஹான்னா எங்க இருக்கு?"

"சரவாக்ல அக்கா. கூச்சிங் பக்கம். யுனிமாஸ் பல்கலைக்கழகம் அங்கதான்."

"அங்க டாக்டர் படிப்பு இருக்கா?"

"இருக்கு. சபாலயும் இருக்கு."

"நம்ம ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"கோவிலு?"

"இருக்கு. காளியம்மன் கோவிலே இருக்கு."

"சாப்பாடு?"

"அங்கயும் மனுசங்கதான் அக்கா இருக்காங்க. சாப்பிடத்தான் செய்யறாங்க."

அக்கா திருப்தி அடையவில்லை. விண்ணப்பத்தில் பன்னிரண்டாவது கட்டத்தில்கூட கோத்தா சமராஹானுக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த அக்காவிடம் சொல்ல மறந்த ஒன்றை இங்கே சொல்கிறேன். கூச்சிங்குக்குப் பக்கத்தில் மாத்தாங் மலையின் மேல் ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது. வெள்ளைக்கார ராஜா சார்ல்ஸ் புரூக் அங்கே தேயிலையும் காப்பியும் பயிரிட்ட காலத்தில் வேலைக்கு வந்த நம்மாட்கள் காட்டுக்குள் கட்டியது. தோட்டம் மூடி, ஆட்கள் இறங்கிப்போய், காடு மூடி, பிறகு கோவிலை மறுபடியும் கண்டுபிடித்தார்கள். ஆக, யுனிமாஸ் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாலேயே நம்மாட்கள் சரவாக் போயிருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் 'பக்கத்தில் பெரியம்மா இருக்கிறாரா' என்று கேட்கவில்லை.

இன்னொன்று. ஊரில் பாதிப் பேரின் தாத்தா பாட்டிகள் நாகப்பட்டினத்தில் ரஜூலா மாதிரிக் கப்பல்களில் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தி எடுத்தபடி வங்காள விரிகுடாவைத் தாண்டிப் பினாங்கில் இறங்கியவர்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. அவர்களின் பேத்திக்கு, கோலாலம்பூரிலிருந்து கூச்சிங் போக இரண்டு மணி நேரம்கூட ஆகாத விமானப் பயணம் 'ரொம்பத் தூரம்'. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏதாவது சொல்லியிருப்பார். அதை இந்த இதழ் அச்சிடாது.

வெளியே போய்ப் படித்தால்தான் ஆள் ஆகலாம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய சான்று உண்டு. துன் வீ.தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். கோலாகங்சாரில் பள்ளிப் படிப்பு. பிறகு கடல் தாண்டிச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். திரும்பி வந்து ம.இ.கா. கட்சித் தலைவர், அமைச்சர், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டியவர். அவர் காலத்தில் யு.பி.யு. கிடையாது. இருந்திருந்தால் அவருடைய அம்மாவும் பன்னிரண்டு கட்டத்திலும் கோலாகங்சார் என்றே போட்டிருக்கலாம். நமக்கு ஒரு துன் குறைந்திருப்பார்.

அவருக்குப் பிறகு 1974இலிருந்து 2008 வரை முப்பத்து நான்கு வருஷம் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சாமிவேலு. இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டினால் என்ன என்று எண்ணி, எய்ம்ஸ்ட்டைக் கட்டினார். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் எல்லாம் உண்டு. கட்டிய இடம் கெடாவில் பீடோங். பாருங்கள், எங்கள் தொகுதிக்காரர் கட்டிய பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கும் நாங்கள் மாநில எல்லையைத் தாண்டத்தான் வேண்டும். அந்த முப்பத்து நான்கு வருஷக் கோட்டையை 2008இல் பிடித்தவர் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ். அவர் நிஜ மருத்துவர். ஊருக்கு டாக்டர் மேல் இத்தனை மோகம் ஏன் என்று ஆராய்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் தேறினாலும் சில படிப்புகளுக்கு நேர்காணல் உண்டு. அதற்குப் பயிற்சி கொடுப்பது என் கடையின் இலவசச் சேவை. "ஏன் டாக்டர் ஆக விரும்புகிறாய்?" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்பேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் மக்களுக்குச் சேவை செய்ய என்கின்றன. ஒரே ஒரு பையன் மட்டும் "சும்மா இருந்தா அம்மா அழறாங்க அங்கிள்" என்றான். நேர்மைக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன். நேர்காணலில் அப்படிச் சொல்லாதே என்றும் சொன்னேன். ஊரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதற்கும் பயிற்சி உண்டு. 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டுத்தான் நாட்டில் அவசரகாலம் வந்தது. சுங்கை சிப்புட் இல்லாத சரித்திரப் புத்தகம் கிடையாது. சொந்த ஊரே பாடப்புத்தகத்தில் இருந்தும் சரித்திரத்தில் பி பிளஸ் வாங்கி வரும் பிள்ளைகளை என்ன செய்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

யு.பி.யு. முடிவு வரும் நாளில் இரண்டே வகைச் செய்திகள். ஒன்று 'தஹ்னியா' என்று தொடங்கும். மற்றது 'டுக்காசித்தா' என்று தொடங்கும். முதல் சொல்லைப் பார்த்ததுமே முழு வாக்கியத்தையும் படிக்காமல் மிட்டாய் வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. பிறகு நிதானமாகப் பார்த்தால், கிடைத்திருப்பது ஏழாவது கட்டம். ஏழாவது கட்டத்தில் என்ன போட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று மச்சான் சொன்னதைப் போட்டிருப்பார்கள். அதன் பிறகுதான் மேல்முறையீடு, சேவை மையம், ஒரு டத்தோவின் உதவியாளரின் உதவியாளர். அந்த வாரம் என் கடையில் மறுபடியும் நல்ல வியாபாரம். என் சுயநலத்துக்கு நீங்கள் எல்லோரும் தப்பாக நிரப்புவதே நல்லது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனாலும் சொல்கிறேன். இந்த வருஷம் நிரப்பப் போகிறவர்கள், முதல் நான்கு கட்டத்தில் உங்கள் டாக்டர் ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று யுனிமாஸாகவோ சபாவாகவோ இருக்கட்டும். அங்கேயும் மருத்துவ இடம் சும்மா கிடைக்காது, ஆனால் முட்டுவதற்கு ஒரு வாசல் கூடும். மீதி எட்டைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போங்கள். பையனுக்கு மீன் பிடிக்கும் என்றால் மீனைப் போடட்டும். பெண்ணுக்கு எண்கள் பிடிக்கும் என்றால் சிந்தோக் காட்டில் கணக்கியல் படிக்கட்டும். காட்டை அழித்து ஊர் கட்டிய பரம்பரைக்கு அது பெரிய காரியமில்லை. 'சிறந்த பற்கள்' சான்றிதழை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சரவாக்கில் இடம் கிடைத்தால், போவதற்கு முன்னால் மாணவர் பாஸ் பற்றிப் பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாடு ஒன்றாக இருந்தாலும் தீபகற்பத்திலிருந்து போகிறவர்கள் கூச்சிங் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். மைகாடைக் கையில் வைத்திருங்கள்; அசலைத்தான் கேட்பார்கள், என் கடை நகல் அங்கே செல்லாது.